சேட்டுவின் வலது காது

கார்பன் தாளுக்கு என்று ஒரு வாசனை உண்டு. மண்ணெண்ணெயும் மெழுகும் புது ரப்பர் செருப்பும் கலந்தாற்போல லேசாக மூக்கில் ஏறி, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். என் பதினோராவது வயதில் அம்மாவோடும் தம்பியோடும் புதிதாகக் குடிபோன வீட்டின் கதவைத் திறந்ததும் முதலில் வந்து மோதியது அந்த வாசனைதான். ஆணியில் தொங்கிய சட்டை, தலையணை உறை, ஏன், தண்ணீர்ச் சொம்பின் கழுத்துகூட அப்படித்தான் மணந்தது, எல்லாவற்றிலும் நீலமாக ஒரு விரல் ரேகை பதிந்திருந்தது.

அந்த விரலுக்குச் சொந்தக்காரர் பெயர் தணிகாசலம். கலெக்டர் ஆபீஸ் மதிலுக்கு வெளியே புங்கமரத்தடியில் ஒரு மரப்பெட்டியை மேசையாகப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவர். எங்கள் திருவண்ணாமலை மாவட்டத் தலைநகராகிச் சில வருடங்களே ஆகியிருந்த நேரம் அது. திங்கட்கிழமை மனுநாள் என்றால் செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கும். பட்டா மாற்றவேண்டும், கிணறு இடிந்துவிட்டது, பங்காளி வரப்பை வெட்டிவிட்டான் என்று அவரவர் அழுதுகொண்டே சொல்வதையெல்லாம் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, ‘மேற்படி’, ‘நாளது தேதி’, ‘சமூகம் அவர்கள்’ என்று அடுக்கி அழகான எழுத்தில் இறக்கிவிடுவார். எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக்கூடாது என்பது அவர் தொழில் தர்மம். “வெத்தா உட்டா திருப்பி அனுப்பிடுவாங்க” என்பார். தகப்பன் பெயர் தெரியாதவர் வந்தால் தாத்தா பெயரையாவது கேட்டு எழுதிவிடுவாரே தவிர, கோடு போட்டு விடமாட்டார்.

எங்கள் அப்பா லாரி கிளீனராக இருந்து விபத்தில் போனபோது தம்பி சேட்டுவுக்கு ஒரு வயது நிறையவில்லை. அம்மா அஞ்சலை, ரமணாசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற விடுதி ஒன்றில் அறை கூட்டி, விரிப்புகள் துவைத்து எங்களை வளர்த்தாள். யாரோ சொன்னார்களென்று விதவை உதவித்தொகைக்கு மனுப்போடப் போனவளுக்கு எழுதிக் கொடுத்தவர்தான் தணிகாசலம். வேலைக்குப் போகிறவள் என்பதால் விதியில் இடமில்லை என்று மனு திரும்பி வந்துவிட்டது. “பணம்தான் வரல, மனு எழுதுனவரு வந்துட்டாரு” என்று பிற்காலத்தில் அம்மாவே சொல்லிச் சிரிப்பாள். அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும், கல்யாணம் ஆகாதவர். ஏன் ஆகவில்லை என்று கேட்டால், “ஊரு மனுவ எழுதிகினே என் மனுவ மறந்துட்டேன்” என்பார்.

அம்மா அவர் வீட்டுக்குப் போய் இருக்கப்போவதாகச் சொன்னபோது, கீழ்பென்னாத்தூரிலிருந்து என் தாய்மாமன் ஏழுமலை சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டார். நிலக்கடலையை நாங்கள் ‘மல்லாட்டை’ என்போம். மாமாவுக்கு இரண்டு ஏக்கர் மல்லாட்டை, ஒரு ஜோடி மாடு, அதற்குமேல் கோபம், இவ்வளவுதான் சொத்து. தாலி கட்டிக்கொண்டு போ என்றார். அம்மா, “ஒரு தாலி அறுத்தது போதும்ணா” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். அதற்குப் பிறகு மாமா சொன்னதுதான் அவளைக் குத்தியது.

“ஊரு சிரிக்கும், அதக்கூட உடு. உன் புள்ளைங்க தட்டுல அவன் சோத்தப் போட்டான்னா, ஒருநாள் இல்லாங்காட்டி ஒருநாள் சொல்லிக் காட்டுவான். அத நீ தாங்குவியா? அந்தப் புள்ளைங்கதான் தாங்குமா?”

அம்மா மறுநாள் புங்கமரத்தடிக்குப் போய், பத்து ரூபாய் முத்திரைத்தாள் ஒன்றை அவர் பெட்டிமேல் வைத்து, எனக்கு ஒரு ஒப்பந்தம் எழுதுங்கள் என்றாள். பள்ளி விட்டு வந்த நான் கூடவே இருந்தேன், அதனால் இது நான் கண்ணால் கண்டது. அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “இதெல்லாம் எழுதணுமா அஞ்சல?” என்று கேட்டதற்கு, “ஊருக்கெல்லாம் எழுதுறீங்க, எனக்கு எழுத மாட்டீங்களா?” என்றாள். வேறு வழியில்லாமல் பேனாவைத் திறந்தார். திறந்தபின் தொழில் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மேற்படி அஞ்சலையின் மைனர் பிள்ளைகள் இருவரின் உணவு, உடை, கல்வி, மருத்துவம் மற்றும் இதர சுபச் செலவுகள் யாவும் மேற்படி அஞ்சலையையே சாரும் என்றும், மேற்படி பிள்ளைகளின் பொருட்டுத் தாம் ஒரு பைசாவும் செலவிடுவதில்லை என்றும், பின்னிட்டு அதைக் காரணம் காட்டி யாதொரு பாத்தியமும் கோருவதில்லை என்றும் தணிகாசலம் தன் கையாலேயே தனக்கு எதிராக எழுதிக் கையெழுத்தும் போட்டார். அம்மா முந்தானையிலிருந்து எழுத்துக்கூலி ஐந்து ரூபாயை எடுத்து வைத்தாள். வாங்க மாட்டேன் என்று சொன்னால் அங்கேயே ஒரு சண்டை என்பது புரிந்து, வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

இப்படியாக நாங்கள் அந்த வீட்டுக்கு ‘மேற்படி பிள்ளைகள்’ ஆகக் குடிவந்தோம். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் இரண்டு அறை ஓட்டுவீடு. வாடகை அவருடையது, அம்மா சாப்பாடும் அவர் சாப்பாடும் ஆளுக்குப் பாதி, நானும் சேட்டுவும் முழுக்க அம்மா கணக்கு. உலை ஒன்றுதான், ஆனால் அரிசி டப்பா இரண்டு. அவர் வாங்கிப்போட்ட டப்பாவிலிருந்து ஒரு ஆழாக்கு, எங்கள் டப்பாவிலிருந்து ஒன்றரை என்று அளந்து போட்டு, ஒன்றாகக் கொதிக்க வைப்பாள். பானைக்குள் போனபிறகு எந்தச் சோறு யாருடையது என்று சாமிக்குத்தான் வெளிச்சம். இருந்தாலும் அளவு தவறாது. சோப்பு இரண்டு, தேங்காயெண்ணெய் இரண்டு. பல்பொடி டப்பாகூட இரண்டு.

இதில் அம்மாவைவிட அக்காக்காரி நான்தான் கறார். சேட்டு ஒருநாள் அவருடைய சோப்பை எடுத்து மூக்கு விடைக்க முகர்ந்துகொண்டு நின்றபோது, அவன் முதுகில் ஒன்று வைத்துப் பிடுங்கித் திரும்ப வைத்தேன். மாமா சொன்ன ‘சொல்லிக் காட்டுவான்’ என் காதிலேயே இருந்தது. அவர் எப்போது சொல்லிக் காட்டப் போகிறார் என்று தினமும் காத்திருந்தேன், பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பதுபோல.

அவரை என்னவென்று கூப்பிடுவது என்பது இன்னொரு தொல்லை. அப்பா என்று வாய் வராது. மாமா என்றால் அது ஏழுமலை மாமாவின் சொத்து. சித்தப்பா என்றால் அப்பாவுக்குத் தம்பியாக வேண்டும். அம்மாவே மற்றவர்களிடம் பேசும்போது ‘எழுதுறவரு’ என்றுதான் சொல்வாள். நாங்கள் இருவரும் கூப்பிடாமலே காலம் தள்ளினோம். ஏதாவது வேண்டுமென்றால் அவர் எதிரில் போய் நின்றுகொள்வோம், அவராக நிமிர்ந்து பார்த்து, “மேற்படியாருக்கு என்ன வேணும்?” என்று கேட்கும்வரை.

அவரோ ஒப்பந்தத்தில் ஓட்டை கண்டுபிடிப்பதில் மன்னர். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் மிக்சர் பொட்டலத்தோடு வந்தார். “ஒரு மனுதாரர் குடுத்தாரும்மா, வாணாம்னா மனசு சங்கடப்படுவாரு” என்றார். மனுதாரர் கொடுத்தது அவர் செலவில்லையே, அதனால் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் போளூரிலிருந்து வந்த மனுதாரர் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். அதற்கடுத்த வாரம் ஒருவர் ஜாமெட்ரி பாக்ஸ் கொடுத்தார், எனக்கு ஆறாம் வகுப்பில் அது தேவைப்பட்ட அதே வாரத்தில். செங்கத்து மனுதாரர் ஒருவர் நாலு வயதுப் பையனுக்கு அளவெடுத்தாற்போல ஒரு கால்சட்டை கொடுத்தார். இந்த மாவட்டத்து ஜனங்கள் பட்டா கேட்டு வருகிறார்களா, இல்லை எங்கள் இருவரையும் வளர்க்க வருகிறார்களா என்று சந்தேகம் வரும் அளவுக்கு நிலைமை போய்விட்டது.

கால்சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அம்மா, “எந்த மனுதாரருங்க அது, என் பையன் இடுப்பளவு தெரிஞ்சவரு?” என்று கேட்டாள். அவர் பேனாவைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையில் கால்சட்டைக்கான பணம் அவர் மசிப்புட்டிக்கு அடியில் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை, அவளும் எடுக்கவில்லை. ஒரு வாரம் அந்த நோட்டு அங்கேயே கிடந்தது. வீடு கூட்டும்போது அம்மா அந்தப் புட்டியைச் சுற்றிக் கூட்டுவாள். கடைசியில் மண்ணெண்ணெய் வாங்கச் சில்லறை இல்லாமல் அவளே எடுத்துக்கொண்டு போனாள். அதோடு மனுதாரர்களின் தாராளமும் நின்றுபோனது. அவர் முகம் வாடியிருந்ததைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. சேட்டுவுக்கு ஆறு வயதாகி, முடி தோளில் புரண்டது. அப்பா இருக்கும்போதே குலதெய்வத்துக்கு மொட்டையடித்துக் காது குத்துவதாக வேண்டுதல். அப்பா போனதில் தள்ளித்தள்ளிப் போய், பள்ளிக்கூடத்தில் அவனைப் ‘பாப்பா’ என்று கூப்பிட்டுக் கேலி செய்கிற அளவுக்கு வந்துவிட்டது. ‘இதர சுபச் செலவு’ அல்லவா, அம்மா ஒரு வருடமாகச் சீட்டுக் கட்டிச் சேர்த்திருந்தாள். ஆனால் காது குத்துக்கு அம்மாவின் பணம் மட்டும் போதாது. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்காரவேண்டும், தாய்மாமன் தட்டில் புதுத்துணியும் மாலையும் தங்கக் கம்மலும் வரவேண்டும். அது அம்மாவின் பிறந்த வீட்டுச் செலவு. அதை வேறு யாரும் செய்யமுடியாது, அவளேகூட.

வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு அம்மா கீழ்பென்னாத்தூர் போனாள், நானும் போனேன். மாமா தாம்பாளத்தை வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு, “வர்றேன். ஆனா அந்த ஆளு அங்க இருக்கக்கூடாது. அவன் இருந்தா நான் இல்ல” என்றார். அம்மா களத்தில் காய்ந்த மல்லாட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரிண்ணா என்றாள்.

வீட்டில் அவரிடம் அதைச் சொல்ல அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். அவர் சங்கடப்படவில்லை, அல்லது காட்டிக்கொள்ளவில்லை. “எனக்கு அன்னிக்கு வேல இருக்குது அஞ்சல. நீங்க போய்ட்டு வாங்க” என்றார். காது குத்து ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கலெக்டர் ஆபீசில் காக்காய்க்குக்கூட வேலை கிடையாது.

எங்கள் குலதெய்வம் கோயில், கீழ்பென்னாத்தூர் போகிற வழியில் ஒரு ஏரிக்கரை ஓரம். அப்பாவின் அக்கா பச்சையம்மா அத்தை, அவள் வீட்டார், பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் என்று சின்னக் கூட்டம்தான். பொங்கல் வைத்து, சேட்டுவுக்கு மொட்டையடித்து, தலைநிறையச் சந்தனம் பூசியாயிற்று. காது குத்துகிற ஆசாரி ஊசியையும் எலுமிச்சம்பழத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்துவிட்டார். மாமாவைக் காணோம். ஒரு பஸ் வந்தது, அதில் இல்லை. அடுத்த பஸ் வந்தது, அதிலும் இல்லை. நல்ல நேரம் முடிய இன்னும் கால்மணி என்றார்கள். ஊசியைப் பார்த்துவிட்ட சேட்டு ஊரைக் கூட்டி அழ ஆரம்பித்தான். அம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமன் வராத காது குத்து என்றால், பிறந்த வீடு அவளைத் தலைமுழுகிவிட்டது என்று நாலு பேர் நடுவில் தண்டோரா போட்டதுபோல.

ஏரிக்கரைப் புளியமரத்துக்குப் பின்னாலிருந்து தணிகாசலம் வந்தார். காலையிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறார். வேட்டியெல்லாம் புளிய இலை. யாரையும் பார்க்காமல் நேரே வந்து பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அலறிக்கொண்டிருந்த சேட்டுவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி தலையை நிமிர்த்தாமல், “மாமன்தானே?” என்று கேட்டார்.

“ஆமா” என்றார் அவர்.

அவர் யோசித்துச் சொல்லவில்லை என்று எனக்குச் சத்தியமாகத் தெரியும். காலியாக ஒரு கட்டம் இருந்தது, நேரம் போய்க்கொண்டிருந்தது, அவருக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டார். அதோடு நிற்காமல் சட்டைப்பையிலிருந்து நகைக்கடை ரோஸ்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு ஜோடிப் பொன் கம்மல், மிளகளவு. எத்தனை நாளாக அது அந்தப் பையில் இருந்ததோ, தாள் மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது. தங்கம் கொடுக்கிற மனுதாரர் எந்த மாவட்டத்திலும் கிடையாது என்பதால், எப்படிக் கொடுப்பது என்று தெரியாமலே சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்.

முதலில் சுதாரித்தது பச்சையம்மா அத்தை. “அட இன்னாய்யா இது அநியாயம்! மாமன் எடத்துல நீ உக்காந்தா, அஞ்சலைக்கு நீ இன்னா வேணும்? அண்ணனா, தம்பியா?” என்று கேட்டுவிட்டு, தன் கேள்வியின் அர்த்தம் தனக்கே உறைத்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். எழுதுறவருக்கு அப்போதுதான் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது விளங்கியது. காது மடல் சிவந்து, எழுந்திருக்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் அவர் அம்மாவைப் பார்த்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கம்மலை அம்மா வாங்கினால் அவள் இரண்டு வருடமாகக் கட்டிக்காத்த ஒப்பந்தம் போயிற்று. வேண்டாமென்றால் இத்தனை பேர் முன்னால் அந்த மனிதரின் மானம் போயிற்று. அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பக்கம் சொல்ல வேண்டும் என்று என் மனசு வேண்டிக்கொண்டது, எனக்கே தெரியாமல்.

அம்மா ரோட்டை ஒருதரம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து சேட்டுவின் தலையைப் பிடித்துக்கொண்டு, “குத்துங்க ஆசாரி, நேரம் போவுது” என்றாள்.

வலது காது முடிந்தது. கம்மலும் ஏறியது. ஆசாரி சேட்டுவின் தலையை மறுபக்கம் திருப்பும்போது, ஏரிக்கரை மேல் சைக்கிள் மணி கேட்டது. மாமா. கேரியரில் சீர்த்தட்டு மூட்டையாகக் கட்டியிருந்தது, சட்டை முழுக்க வியர்வை. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு வந்தவர், பாயில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து நின்றுவிட்டார். சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் பொங்கல் பானையைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

“வரக்கூடாதுன்னுதான் இருந்தேன் அஞ்சல” என்றார் மாமா. “விடிஞ்சதுலேர்ந்து கொல்லையில சும்மா நடந்துகினு இருந்தேன். முடியல.”

தணிகாசலம் அவசரமாக எழுந்து, “நீங்க உக்காருங்க. இது உங்க எடம், நான் தெரியாம…” என்று என்னவோ சொன்னார். ஆனால் சேட்டு அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான். ஒரு காது குத்தும்வரை மடியில் வைத்திருந்தவர்மேல் வந்த நம்பிக்கை இன்னொருவர்மேல் வருமா? ஆசாரிதான் வழி சொன்னார். “இன்னும் ஒரு காது பாக்கி இருக்குதுல்ல? அத அவரு மடியில வெச்சிக்கலாம். எனக்கு ரெண்டும் ஒன்னுதான், சீக்கிரம் ஆவட்டும்.”

மாமா பாயில் உட்கார்ந்தார். சேட்டு அவர் மடியில் இருந்தான், ஆனால் அவன் கை தணிகாசலத்தின் சட்டை நுனியை விடாததால் அவரும் பக்கத்தில் குந்தியிருக்க வேண்டியதாயிற்று. முழங்கால் முழங்காலில் இடிக்க, இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருக்க, இடது காதில் மாமா கொண்டுவந்த கம்மல் ஏறியது. அது பட்டாணி அளவு, சிவப்புக்கல் வைத்தது. வலதில் மிளகு, இடதில் பட்டாணி. மீதியிருந்த ஒற்றை மிளகையும் ஒற்றைப் பட்டாணியையும் அம்மா வீட்டுக்கு வந்து எனக்குப் போட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் பெண்கள் கேட்டதற்கு, இதுதான் மெட்ராஸ் பேஷன் என்று அளந்துவிட்டேன். கொஞ்சநாள் நம்பவும் நம்பினார்கள்.

ஒப்பந்தத்தை அம்மா கிழிக்கவில்லை. அவள் குணம் அதில்லை. ஆனால் மறுவாரம் சேட்டுவுக்குச் செருப்பு வாங்க வேண்டி வந்தபோது அவரிடம் போய், “இது உங்க காதுங்க” என்றாள். ஒரு காதளவுக்கு, அதாவது பாதிக்கு, அவரை அனுமதித்திருக்கிறாள் என்று அர்த்தம். அதிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரு பேச்சாகிவிட்டது. அம்மை போட்டால் மருந்து அவர் காது, டானிக் அம்மா காது. பள்ளிச் சுற்றுலா என்றால், “இது யாரு காது?” என்று இருவரும் கேட்டுக்கொள்வார்கள். வெளியாள் கேட்டால் பைத்தியக்காரக் குடும்பம் என்றுதான் நினைத்திருப்பார்கள். அரிசி டப்பா எப்போது ஒன்றானது என்று எனக்கு ஞாபகமே இல்லை. ஒருநாள் பார்த்தேன், ஒன்றுதான் இருந்தது. அவரை மாமா என்று கூப்பிடவும் பழகிவிட்டோம். ஏழுமலை மாமா ஊர் மாமா, இவர் வீட்டு மாமா. அம்மாவுக்குக் கணவரும் எங்களுக்கு மாமனுமாக ஒரே ஆள் இருப்பது எந்த ஊர் நியாயம் என்று பச்சையம்மா அத்தை சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் கடைசிவரை சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியது நான்தான். ப்ளஸ் டூ படிக்கும்போது, சினிமாவுக்குப் போய்விட்டு இருட்டி வந்ததற்கு அவர் ஏதோ கேட்டார் என்று, “கேக்க நீங்க யாரு?” என்று எடுத்தெறிந்து பேசிவிட்டேன். அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். அவர் அவளைத் தடுத்துவிட்டு, கொஞ்சநேரம் பேனா மூடியைத் திருகினார். “யாருமில்லதாம்மா” என்றார். அப்புறம், “பரீட்ச ஃபீஸ் கட்ட நாளைக்குத்தான் கடைசி நாளு. பையில எடுத்து வெச்சிருக்கேன், மறந்துடாத” என்றார். நான் அந்தப் பணத்தில்தான் பரீட்சை எழுதினேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கேட்டிருந்தால் எதற்கு என்று அவர் நிஜமாகவே யோசித்திருப்பார்.

இன்று அந்தப் புங்கமரம் இல்லை. மனுவெல்லாம் கம்ப்யூட்டரில் போகிறது. மதில் ஓரம் ஜெராக்ஸ் கடைகளும் டீக்கடையும் வந்துவிட்டன. கார்பன் தாள் என்றால் என்னவென்று என் மகள் கேட்கிறாள். சென்னையில் வேலை பார்க்கிற சேட்டுவின் காதில் துளை இரண்டும் தூர்ந்து புள்ளியாகிவிட்டன. அந்த நாலு கம்மல்களும் என் ஆசிரியப் பயிற்சிக்கு அடகுக்குப் போய், மீளாமலே முழுகிவிட்டன.

நான் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாறு வருடத்தில், நெஞ்சுவலி என்று ஒருநாள் படுத்த தணிகாசலம் மாமா எழுந்திருக்கவில்லை. ஆரணியிலிருந்து அவருடைய அண்ணன் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கொள்ளி யார் வைப்பது, செலவு யார் ஏற்பது என்று கேட்டார். “தாலி கட்டாத வூடு. நாளைக்கி ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க” என்றார். சேட்டு என்னைப் பார்த்தான், நான் அம்மாவைப் பார்த்தேன். உள்ளே அம்மா அவர் கால்மாட்டில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். ஊருக்கு அவள் என்ன உறவு என்று அவளுக்கே தெரியாததுபோல, அழக்கூடச் செய்யாமல் இருந்தாள்.

அப்போது கீழ்பென்னாத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி ஏழுமலை மாமா வந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது, கம்பு ஊன்றி நடந்தார். அக்குளில் ஒரு மஞ்சள் பை. வாசலில் உட்கார்ந்திருந்த ஆரணிக்காரரிடம், “செலவப் பத்தி நீங்க கவலப்படாதீங்க. எங்க வூட்டு மாப்ள. அவரு புள்ளைங்க இருக்குது, செய்யும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பையிலிருந்து புதுப்புடவை ஒன்றை எடுத்து உதறினார். புருஷன் செத்தால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் தம்பி கொண்டுவந்து போர்த்துகிற கோடிப் புடவை அது. எங்கள் அப்பா இறந்தபோது ஒரு கோடி போட்டவர்தான் அவர். ஒருத்திக்கு ரெண்டாங்கோடியா என்று பெண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மாமா அதைக் காதில் வாங்கவில்லை. அந்தப் புடவையைத் தங்கச்சி தோளில் போர்த்தி, இரண்டு பக்கமும் இழுத்துச் சரிசெய்தார்.

பதினாலு வருடம் தாலி இல்லாமல் வாழ்ந்த அம்மா, தான் பெண்டாட்டியாக இருந்தோம் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டவள்போல வாய்விட்டு அழுதாள்.